சுவர் ஒருத்தருக்கு, ஓவியம் யாருக்கு?

இங்கிலாந்தோட தென்கிழக்குக் கடற்கரையில ஃபோக்ஸ்டன்னு ஒரு ஊர். 2014 செப்டம்பர்ல, அங்க இருந்த ஒரு வீடியோ கேம் கூடத்தோட வெளிச்சுவர்ல, முகம் காட்டாத தெருவோவியர் பேங்க்ஸி ஒரு படம் போட்டுட்டுப் போயிட்டார். ஹெட்ஃபோன் மாட்டின ஒரு பெண்மணி, வெறும் பீடம் ஒண்ணை உத்துப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. படம் அவ்வளவுதான்.

பேங்க்ஸி வரைஞ்ச சுவருக்கு என்ன விலை போகும்னு இங்கிலாந்துல எல்லாருக்கும் தெரியும். கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்திட்டு இருந்த கம்பெனி, அந்தச் சுவரை அப்படியே அறுத்து எடுத்து, விக்கிறதுக்கு அமெரிக்காவுக்கு அனுப்பிடுச்சு. உரிமையாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போனாங்க. அங்க வாடகைதாரர் வெச்ச வாதத்தைக் கேளுங்க: ஒப்பந்தப்படி கட்டடத்தை நல்லபடியா வெச்சுக்கிற பொறுப்பு எங்களோடது, சுவர்ல யாரோ வரைஞ்சிருந்தாங்க, அதை எடுத்தோம், இது ரிப்பேர் வேலை.

ரிப்பேராம்! மேல ஒரு கோட் சுண்ணாம்பு அடிச்சிருந்தா ரிப்பேர்னு நம்பலாம். அறுத்து, பேக் பண்ணி, கடல் தாண்டி அனுப்பின ரிப்பேர் இது ஒண்ணுதான் இருக்கும். 2015ல லண்டன் ஹைகோர்ட் இதை ஏத்துக்கல. பெயர்த்தெடுத்த சுவர்த்துண்டு கட்டட உரிமையாளருக்குத்தான் சேரும்னு தீர்ப்பாச்சு, படமும் ஊர் திரும்புச்சு.

இந்த வழக்குல வாடகைதாரர் இருக்கார், உரிமையாளர் தரப்பு இருக்கு, வக்கீல், ஜட்ஜ் எல்லாரும் இருக்காங்க. வரைஞ்சவரு மட்டும் இல்ல. அவர்கிட்ட யாரும் கேக்கவும் இல்ல. கேக்கணும்னு சட்டம் சொல்லவும் இல்ல. தெருவோவியம்னாலே பாதிப் பேர் அழகைப் பத்திப் பேசுறாங்க, மீதிப் பேர் அசிங்கத்தைப் பத்திப் பேசுறாங்க. நான் இன்னைக்குப் பேசப்போறது சொத்துத் தகராறு.

[திரையில்: செங்கல், படம், ஓவியரோட பேர்]

ஒரு சுவரோவியத்துக்குள்ள மூணு உரிமை ஒட்டிக்கிட்டு இருக்கு. முதல்ல செங்கலும் அதுமேல காஞ்சு போன பெயின்ட்டும். அது கட்டடக்காரரோடது, ஃபோக்ஸ்டன்ல பாத்தோம். ரெண்டாவது காப்புரிமை, அதாவது அந்தப் படத்தை டி-ஷர்ட்லயோ விளம்பரத்துலயோ போட்டுக் காசு பாக்குற உரிமை. சுவர் கைமாறினாலும் இது வரைஞ்சவர்கிட்டயே நிக்கும். மூணாவதைத்தான் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாங்க. படைப்பை வித்துட்டாலும் சரி, சும்மா கொடுத்துட்டாலும் சரி, அதைச் சிதைக்கக் கூடாதுன்னு சொல்ற உரிமை. தார்மிக உரிமைன்னு சட்டத்துல பேரு. பிரான்ஸ்ல இது ரொம்பப் பழசு. அமெரிக்காவுல ஓவியம், சிற்பம் மாதிரியான கலைகளுக்கு 1990லதான் இதுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க. அந்தச் சட்டத்துக்குப் பெரிய பரீட்சை வெச்சது ஒரு பழைய ஃபேக்டரி.

நியூயார்க், குவீன்ஸ், லாங் ஐலண்ட் சிட்டி. ஜெர்ரி வோல்காஃப்ங்கிற ரியல் எஸ்டேட்காரர் 1970கள்ல அங்க ஒரு ஃபேக்டரி வளாகத்தை வாங்கினார். 90கள்லயே பசங்களை அங்க வரைய விட்டார். 2002ல ஜோனதன் கோஹன்னு ஒரு ஓவியர் பொறுப்புக்கு வந்தார். தெருவுல அவர் பேரு மியர்ஸ் ஒன். இடத்துக்கு '5பாயின்ட்ஸ்'னு பேர் வெச்சார், நியூயார்க்கோட அஞ்சு பகுதிகளும் இங்க ஒண்ணு சேருதுன்னு அர்த்தம். எந்தச் சுவர் யாருக்கு, எது ரொம்ப நாள் நிக்கணும், எது சீக்கிரம் அடுத்த ஆளுக்குப் போகணும்னு எல்லாம் அவர்தான் பாத்தார். புதுசா வர்றவங்க என்ன வரையப்போறாங்கன்னு முன்னாடியே காட்டணும். வோல்காஃப் பக்கத்துல ஒரே நிபந்தனை: மதம், அரசியல், ஆபாசம் மூணும் வேண்டாம். நம்ம ஊர் குடும்பப் பத்திரிகை மாதிரி. பைசா வாங்கல, எழுத்துல ஒப்பந்தமும் போடல.

இந்த எழுத்துல இல்லாத விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க.

மொத்தமா சுமார் 10,650 படங்கள் அங்க வந்து போச்சு. ஒண்ணு மேல ஒண்ணு. நேத்து வரைஞ்சது இன்னைக்கு மறைஞ்சா அங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, ஏன்னா அதுதான் அந்த உலகத்தோட வழக்கம். பக்கத்துலயே மேம்பாலத்துல 7ஆம் நம்பர் ரயில் போகும். ஜன்னல்ல உக்காந்து பாத்துட்டே வேலைக்குப் போனவங்க கணக்கில்லாம இருப்பாங்க. அக்கம்பக்கத்துல மனை விலையும் ஏறிச்சு. அந்தச் சுவருங்களும் அதுக்கு ஒரு காரணம்னுதான் நான் சொல்வேன். விலை ஏறினதும் வோல்காஃப் அங்க அடுக்குமாடி கட்டலாம்னு முடிவு பண்ணினார், 2013 ஆகஸ்ட்ல அனுமதிக்கான கதவும் திறந்துச்சு.

ஓவியர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. அந்த வருஷம் அக்டோபர் முழுக்க நியூயார்க் தெருக்கள்ல வரைஞ்சுட்டு இருந்த பேங்க்ஸி, கிளம்புறப்போ '5பாயின்ட்ஸைக் காப்பாத்துங்க'ன்னு எழுதிட்டுப் போனார். ஜட்ஜ் ஃப்ரெடெரிக் பிளாக் நவம்பர்ல தடை கொடுக்க மறுத்தார். விரிவான உத்தரவு வரணும். அது வர்றதுக்கு முன்னாடி, நவம்பர் 19 விடியறதுக்குள்ள, ராத்திரியோட ராத்திரியா, வோல்காஃப் ஆளுங்களை விட்டு மொத்தத்துக்கும் வெள்ளையடிச்சுட்டார்.

அதுவும் உருப்படியா அடிக்கல. மட்டமான பெயின்ட், ஒரு கை மேலோட்டமா. கீழ இருந்த படங்கள் பல இடத்துல அரைகுறையா எட்டிப் பாத்துச்சு. கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்டே அடுத்த மார்ச்லதான் விண்ணப்பம் போட்டாங்க. அப்போ அவசரம் எதுக்கு? சாவகாசமா இடிக்கிற வரைக்கும் அந்தச் சிதைஞ்ச படங்களை ரயில்ல போற ஊரே பாத்துச்சு.

வோல்காஃப் மேல எனக்கு முழுக்கக் கோவம் இல்ல. வருஷக்கணக்கா சும்மா சுவர் கொடுத்த மனுஷன். தன் இடத்துல தான் கட்டடம் கட்டுறது குத்தமில்ல. கோர்ட்டும் அதைக் குத்தம்னு சொல்லல. சட்டம் அவர்கிட்ட எதிர்பாத்தது ரொம்பச் சின்னது: பெயர்த்து எடுக்கக்கூடிய படைப்புக்கு எழுத்துல 90 நாள் அவகாசம். அங்க பல படங்கள் பலகையிலயும் தகட்டுலயும் இருந்துச்சு, கழட்டி எடுத்திருக்கலாம். மத்ததை ஒழுங்கா போட்டோவாவது எடுத்து வெச்சிருக்கலாம். கட்டடத்தை இடிக்கிற வரைக்கும் இருந்த பத்து மாசம் அவர் பொறுத்திருந்தா இவ்வளவு பெரிய தண்டம் வந்திருக்காதுன்னு ஜட்ஜே சொன்னார். சாட்சிக் கூண்டுல வோல்காஃப், மறுபடி வாய்ப்புக் கிடைச்சாலும் இதையேதான் செய்வேன்னார். ஜட்ஜ் அதையும் குறிச்சு வெச்சுக்கிட்டார்.

2018 பிப்ரவரியில தீர்ப்பு. 45 படங்களுக்கு, ஒவ்வொண்ணுக்கும் சட்டம் அனுமதிக்கிற உச்சத் தொகை 1,50,000 டாலர். மொத்தம் 67.5 லட்சம் டாலர், 21 ஓவியர்களுக்கு. 2020ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு, உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே இல்ல. சீக்கிரம் மறையக்கூடிய கலைக்கும் மதிப்பு உண்டுன்னு ஒரு நாட்டோட கோர்ட் எழுதி வெச்சது அப்போதான். இன்னைக்கு அந்த இடத்துல நிக்கிற அடுக்குமாடிக்கு என்ன பேர் தெரியுமா? 5பாயின்ட்ஸ். படத்தை அழிச்சாங்க, பேரை மட்டும் விடல.

ஆனா இந்த வெற்றிக்குள்ளயே ஒரு சிக்கல் இருக்கு. இந்தச் சட்டத்துல உரிமையை எழுத்துல விட்டுக்கொடுக்கவும் வழி உண்டு. இந்தத் தீர்ப்புக்கு அப்புறம் சுவர் கொடுக்கிற உரிமையாளர்கிட்ட எந்த வக்கீலும் சொல்ற முதல் அறிவுரை, 'வரையறதுக்கு முன்னாடி ஓவியர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க'. கையெழுத்து போட்டா சுவர், போடலன்னா இல்ல. பேர் இல்லாத சின்ன ஓவியர் என்ன பண்ணுவார்? போட்டுடுவார்.

அனுமதியே இல்லாம வரைஞ்சவங்க நிலைமை இன்னும் குழப்பம். 2018ல எச்&எம் துணிக் கம்பெனியோட ஒரு விளம்பரத்துல, புரூக்ளின் விளையாட்டு மைதானச் சுவர்ல ரெவோக்ங்கிற ஓவியர் வரைஞ்சது பின்னணியா வந்துச்சு. அவர் நோட்டீஸ் விட்டார். கம்பெனி, சட்டவிரோதமா வரைஞ்சதுக்குக் காப்புரிமையே கிடையாதுன்னு அறிவிக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போச்சு. ஊர்ல இருக்கிற ஓவியர்கள் எல்லாரும் 'இவங்க துணியே வேண்டாம்'னு கிளம்பினதும், சில நாள்லயே வழக்கை வாபஸ் வாங்கிட்டாங்க. ஜட்ஜ் பதில் சொல்ற வாய்ப்பே வரல.

[திரையில்: போலோனியா, 2016]

சட்டத்தை நம்பாத ஒருத்தர் இத்தாலியில இருக்கார். பேரு ப்ளூ, அவரும் முகம் காட்டாதவர்தான். 2016ல போலோனியா நகரத்துல தெருவோவியக் கண்காட்சி ஒண்ணு ஏற்பாடாச்சு. சுவர்கள்ல இருந்து பெயர்த்த ஓவியங்களை, 'இடிபடுறதுக்கு முன்னாடி காப்பாத்தினோம்'னு சொல்லி உள்ள வெச்சு டிக்கெட் போட்டாங்க. ப்ளூகிட்ட அனுமதி கேக்கல. அவர் என்ன பண்ணினார்? போலோனியாவுல இருபது வருஷமா வரைஞ்சதை எல்லாம், நண்பர்களைக் கூட்டிட்டு வந்து சாம்பல் பெயின்ட் அடிச்சு அழிச்சார். அதுக்கு முன்னாடி, 2014ல, பெர்லின்லயும் இதே கதை. குவ்ரி தெருவுல இருந்த அவரோட ரெண்டு பெரிய படங்கள், பக்கத்துல வரப்போற அடுக்குமாடிக்கு அலங்காரமாயிடும்னு, அவர் சம்மதத்தோட கறுப்பாச்சு.

போலோனியாக்காரங்களுக்கு இதுல வருத்தம் இருந்துச்சு, அதுல நியாயமும் இருக்கு. தினம் பாத்த படம், அவங்களுக்கும் சொந்தம்தானே? அந்தப் பங்கு எந்தச் சட்டப் புத்தகத்துலயும் இல்ல. ஆனா ப்ளூ பண்ணினதை நான் கோபம்னு பாக்கல. செங்கல் அவரோடது இல்ல, வழக்குப் போட்டா முதல்ல 'நான்தான் வரைஞ்சேன்'னு முகத்தைக் காட்டி நிக்கணும். கையில மிச்சம் இருந்தது ரோலரும் சாம்பல் பெயின்ட்டும்தான்.

கமென்ட்ல 'இந்தியாவுல என்ன சட்டம்'னு கேப்பீங்க, அதனால இப்பவே சொல்லிடறேன். நம்ம காப்புரிமைச் சட்டம் 1957ல 57ஆம் பிரிவு இதே தார்மிக உரிமையைத் தருது. பெரிய உதாரணம் சிற்பி அமர்நாத் சேகல். டெல்லி விக்யான் பவன் சுவர்ல அவர் செஞ்ச வெண்கலப் புடைப்புச் சிற்பத்தை 1979ல கழட்டி கிடங்குல போட்டுட்டாங்க, துண்டு துண்டாச்சு. அரசாங்கம் காசு கொடுத்து வாங்கின படைப்புதான், இருந்தும் 2005ல டெல்லி ஹைகோர்ட் அவர் பக்கம் நின்னுச்சு: மிச்சத் துண்டுகளைத் திருப்பிக் கொடுக்கணும், 5 லட்சம் ரூபா நஷ்டஈடும் கொடுக்கணும். கழட்டினதுக்கும் தீர்ப்புக்கும் நடுவுல 26 வருஷம்.

சுவர்ல வரையறவங்க யாராவது இதைப் பாத்துட்டு இருந்தா, வேலை முடிஞ்ச அன்னைக்கே தேதி தெரியுற மாதிரி நல்ல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. சுவர்க்காரர் பேப்பர் நீட்டினா கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.