பெயரின் வாலில் வைக்கிங் இருக்கிறாரா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கிய உரையின் கட்டுரை வடிவம்)



கிர்பி, கிராஸ்பி, வில்லோபி, ஆஷ்பி, செல்பி... ஆங்கிலேயர்களின் குடும்பப் பெயர்களில் இப்படி 'பி' என்று முடியும் பெயர்களை நாம் திரைப்படங்களிலும் செய்திகளிலும் அடிக்கடி கேட்டிருக்கிறோம். இந்தப் பெயர்களை உடையவர்களில் பலர், தங்கள் முன்னோர் கடலோடி வந்த வைக்கிங் வீரர்கள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. அது உண்மையா? பெயரின் கடைசி எழுத்தை வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டனாரைக் கண்டுபிடித்துவிட முடியுமா?

ஓரளவு முடியும். பெயர் நம்மை ஓர் ஊரின் வாசல் வரை கொண்டுபோய் விடும். அந்த ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் பேசிய மொழி எது என்றும் சொல்லும். ஆனால், நம் உடம்பில் ஓடுவது யாருடைய இரத்தம் என்பதைப் பெயர் மட்டும் சொல்லாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் குடும்ப வரலாற்றைத் தேடுவதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நமக்குத் தெரிந்த ஓர் ஊர்

கிர்க்பி என்ற பெயர் நம் மூத்த தலைமுறைக்குப் புதியதல்ல. இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கு அருகில் உள்ள கிர்க்பியில், 1952 முதல் 1962 வரை மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இயங்கியது. இங்கிருந்து கப்பலேறிச் சென்று படித்துத் திரும்பிய ஆசிரியர்கள் 'கிர்க்பி ஆசிரியர்கள்' என்றே அறியப்பட்டார்கள்.

அந்த ஊரின் பெயரைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'கிர்க்யா' என்றால் தேவாலயம். 'பீர்' என்றால் பண்ணை அல்லது சிற்றூர். தேவாலயம் உள்ள ஊர் என்பதே கிர்க்பியின் பொருள். கிர்பி, கிர்க்பி என்ற குடும்பப் பெயர்கள் இப்பெயர் கொண்ட ஊர்களிலிருந்து வந்தவைதாம்.

இதற்கு மாறாக, பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தை எடுத்துக்கொள்வோம். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் பட்டர்வொர்த்தின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அந்தக் குடும்பப் பெயருக்கு மூலம், இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில் உள்ள ஓர் ஊர். அதன் வாலாகிய 'வொர்த்' பழைய ஆங்கிலச் சொல்; வேலியிட்ட நிலம் என்று பொருள். 1972 வரை கிள்ளான் துறைமுகத்துக்கு இருந்த பெயர் போர்ட் சுவெட்டன்ஹம். அதிலுள்ள 'ஹம்' என்பதும் பழைய ஆங்கிலமே. ஆக, ஆங்கிலேயர் பெயர் எல்லாம் வைக்கிங் பெயர் ஆகிவிடாது. வாலைப் பார்த்துத்தான் தரம் பிரிக்க வேண்டும்.

வாளோடு வந்து ஏர் பிடித்தவர்கள்

வைக்கிங் என்றதும் கொள்ளையர்தாம் நினைவுக்கு வருகிறார்கள். 793-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் உள்ள லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை அவர்கள் சூறையாடியது உண்மை. ஆனால், ஊர்ப் பெயர்களுக்குக் காரணம் அந்தக் கொள்ளையல்ல. 865-இல் பெரும் படையொன்று வந்து இறங்கியது. 876-இல் அதன் தலைவர்களில் ஒருவரான ஹாஃப்டன், வட இங்கிலாந்தின் நிலங்களைத் தம் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். அவர்கள் உழுது பிழைக்கத் தொடங்கினார்கள். அக்கால ஆங்கில ஆண்டுக்குறிப்பே இதைச் சொல்கிறது.

ஆல்ஃபிரட் மன்னர் 878-இல் டேனியரைத் தோற்கடித்த பிறகு, கிழக்கிலும் வடக்கிலும் டேனியர் சட்டம் செல்லுபடியாகும் பகுதி உருவாயிற்று. பின்னாளில் அதற்கு 'டேன்லா' என்று பெயர் வந்தது. மேற்குக் கரையிலோ நிலைமை வேறு. 902-இல் டப்ளினிலிருந்து விரட்டப்பட்ட நார்வே வழியினர் லிவர்பூலுக்கு எதிரே உள்ள விரல் தீபகற்பத்தில் குடியேறினார்கள்.

வாளைக் கீழே வைத்துவிட்டு ஏரைப் பிடித்தவர்கள், தங்கள் வயலுக்கும் வாய்க்காலுக்கும் தங்கள் மொழியிலேயே பெயர் வைத்தார்கள். இன்று நாம் பேசும் ஆங்கிலத்தில் உள்ள 'லா', 'எக்', 'விண்டோ', 'ஸ்கை', 'தே' போன்ற சொற்கள் அவர்கள் விட்டுச் சென்றவையே.

ஊர்ப் பெயர்களின் வால்கள்

நம் நாட்டில் கம்போங், சுங்கை, புக்கிட் என்று ஊர்ப் பெயருக்கு முன்னால் வருவதைப் போல, அவர்களுக்கு அடையாளச் சொல் பின்னால் வரும். முக்கியமானவை இவை:

'பி': பண்ணை, சிற்றூர். கிரிம் என்பவரின் ஊர் கிரிம்ஸ்பி. சிலுவைகள் உள்ள ஊர் கிராஸ்பி. யார்க்‌ஷயரிலும் லிங்கன்ஷயரிலும் இந்த வால் உடைய ஊர்கள் தனித்தனியே 200-க்கும் மேல் உண்டு.

'தார்ப்': பெரிய ஊரை ஒட்டிய குடியிருப்பு. ஸ்கன்தார்ப் நகரம் இதற்கு எடுத்துக்காட்டு. தார்ப் என்பது தனியாகவே குடும்பப் பெயராகவும் உள்ளது.

'த்வைட்': காடு வெட்டித் திருத்திய நிலம். பிரைத்வைட் என்றால் அகலமான திருத்து நிலம்.

'டாஃப்ட்': வீட்டு மனை. லோஸ்டாஃப்ட் என்ற கடற்கரை நகரம் இவ்வகை.

'வ்ரா': மூலை, ஒதுக்குப்புறம். கல்கத்தாவில் 1811-இல் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் வில்லியம் தாக்கரேயின் குடும்பப் பெயர், கூரை வேயும் நாணல் வளர்ந்த மூலை என்று பொருள்படும் யார்க்‌ஷயர் இடப்பெயரிலிருந்து வந்தது.

ஊர்ப் பெயர் குடும்பப் பெயரானது எப்படி?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். வைக்கிங்குகளுக்குக் குடும்பப் பெயரே கிடையாது! நம் அடையாள அட்டையில் மலேசியாவில் 'ஏ/எல்', சிங்கப்பூரில் 'எஸ்/ஓ' என்று தந்தை பெயரைச் சேர்ப்பதைப் போலவே அவர்களும் செய்தார்கள். எரிக்கின் மகன் லெய்ஃப் என்றால் அவர் லெய்ஃப் எரிக்சன். அவருடைய மகன் எரிக்சன் ஆகமாட்டார், லெய்ஃப்சன்தான். ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோர் இந்த வழக்கத்தையே பின்பற்றுகிறார்கள்.

இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர்கள் 1066-இல் நார்மானியர் படையெடுத்து வந்த பிறகே வேரூன்றின. சாதாரண மக்களிடம் அவை நிலைபெற 13, 14-ஆம் நூற்றாண்டுகள் ஆயின. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊருக்குப் பெயர் வைத்தது 9 அல்லது 10-ஆம் நூற்றாண்டு. அந்தப் பெயர் ஒரு குடும்பத்தின் மேல் ஒட்டிக்கொண்டதோ முந்நூறு, நானூறு ஆண்டுகள் கழித்து. இடையில் அந்த ஊரில் எத்தனை பேர் வந்து குடியேறியிருப்பார்கள்! எத்தனை கலப்பு மணங்கள் நடந்திருக்கும்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈப்போவில் வாழ்பவரை ஈப்போவில் யாரும் 'ஈப்போக்காரர்' என்று அழைப்பதில்லை. அவர் ஜொகூர் பாருவுக்குக் குடிபெயர்ந்தால்தான் அந்தப் பெயர் வரும். அதே போல், கிர்க்பியை விட்டு வேற்றூருக்குப் போனவரைத்தான் அங்குள்ளவர்கள் 'கிர்க்பிக்காரர்' என்றார்கள். ஆகவே, ஊர்ப் பெயரால் அமைந்த குடும்பப் பெயர், பெரும்பாலும் முன்னோர் ஒருவர் ஓர் ஊரை விட்டுப் புறப்பட்டதன் அடையாளமாகும்.

ஏமாற்றும் பெயர்கள்

ரக்பி விளையாட்டுக்குப் பெயர் தந்த ரக்பி நகரம் 'பி' என்று முடிகிறது. அது வைக்கிங் ஊரா? 1086-இல் நாட்டின் பெரும்பகுதியைக் கணக்கெடுத்து எழுதப்பட்ட 'டூம்ஸ்டே' பதிவேட்டில் அது 'ரோச்சிபெரி' என்று காணப்படுகிறது. வால் பகுதி பழைய ஆங்கிலத்தில் கோட்டையைக் குறிக்கும் சொல். சுற்றிலும் இருந்த 'பி' ஊர்களின் தாக்கத்தால் பிற்காலத்தில்தான் அது ரக்பியாக மாறியது.

இங்கில்பி என்ற பெயர் இன்னும் சுவையானது. அதன் பொருள் 'ஆங்கிலேயர்களின் ஊர்'. சுற்றிலும் இருந்த நார்ஸ் மொழிக்காரர்கள், தங்கள் நடுவே ஆங்கிலேயர் வாழ்ந்த ஊருக்கு வைத்த பெயர் அது. இங்கில்பி என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் வைக்கிங் பரம்பரை என்று மார்தட்டினால், அவருடைய பெயரே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடும்!

கார்லைல் நகருக்குத் தெற்கே ஜான்பி என்று ஓர் ஊர் உண்டு. ஜான் என்பது நார்மானியர் காலத்தில் பரவிய பெயர். வைக்கிங் காலம் முடிந்த பிறகும் அப்பகுதி மக்கள் 'பி' சேர்த்துப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இது சான்று. 'சன்' என்று முடியும் பெயர்களும் அப்படியே. வில்லியம்சன், ரிச்சர்ட்சன் ஆகியவற்றில் உள்ள வில்லியமும் ரிச்சர்டும் நார்மானியர் பரப்பிய பெயர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெயரை மாற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 'கேப்டன் அமெரிக்கா' சித்திரக் கதையை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜேக் கிர்பி, ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு 1917-இல் நியூயார்க்கில் பிறந்தவர். இயற்பெயர் ஜேக்கப் குர்ட்ஸ்பெர்க். கிர்பி என்பது அவர் தொழிலுக்காக ஏற்றுக்கொண்ட பெயர்.

தேடுவது எப்படி?

இத்தகைய குடும்பப் பெயருள்ள ஒருவர் முறையாகத் தேட விரும்பினால், இன்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு தலைமுறையாகச் செல்ல வேண்டும். வைக்கிங்கிலிருந்து தொடங்கினால் வழி தவறிவிடும்.

முதலில் பிறப்பு, திருமண ஆவணங்கள். அடுத்து, 1881-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்தப் பெயருடையோர் எந்த மாவட்டத்தில் மிகுதியாக இருந்தார்கள் என்பதை அது காட்டும். கிர்க்பி என்ற பெயரில் மட்டும் கிர்க்பி லான்ஸ்டேல், கிர்க்பி ஸ்டீஃபன் எனப் பல ஊர்கள் இருப்பதால், எந்தக் கிர்க்பி என்று தெரிவதற்கு இது மிகவும் அவசியம். அதற்குப் பின், 1538 முதல் தேவாலயங்கள் எழுதி வந்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். அதற்கும் முன்னால் 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள். கடைசியாகத்தான் ஊரின் பழைய எழுத்து வடிவத்தைப் பார்க்க வேண்டும். 1923-இல் தொடங்கப்பட்ட ஆங்கில இடப்பெயர்க் கழகம் மாவட்ட வாரியாக வெளியிட்டு வரும் தொகுதிகள் இதற்கு உதவும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், "இருக்கலாம்" என்றுதான் சொல்ல வேண்டும். "இருக்கிறது" என்று சொல்லக்கூடாது.

மரபணு என்ன சொல்கிறது?

இப்போது எச்சிலை அனுப்பினால் பரம்பரையைச் சொல்லும் சோதனைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. பெயரும் மரபணுவும் ஒத்துப்போகின்றனவா என்று விரல் தீபகற்பத்திலும் மேற்கு லங்காஷயரிலும் ஆராய்ந்து, நாட்டிங்ஹம், லெஸ்டர் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று 2008-இல் முடிவை வெளியிட்டது. அப்பகுதியின் பழைய ஆவணங்களில் காணப்படும் குடும்பப் பெயர்களை உடைய ஆண்களை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பெயரைக் கருதாமல் அதே வட்டாரத்தில் எடுத்த மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, இவர்களிடம் ஸ்காண்டிநேவியத் தந்தை வழி கணிசமாகக் கூடுதலாக இருந்தது. பழைய பெயர் பழைய மக்களை ஓரளவு சுமந்து வந்திருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அது ஒரு கூட்டத்தைப் பற்றிய முடிவு. அதைக் கொண்டு தனி ஒருவரை வைக்கிங் என்று சொல்லிவிட முடியாது.

2020-இல் வெளிவந்த பெரிய ஆய்வு இன்னொரு கதவைத் திறந்தது. ஐரோப்பாவிலும் கிரீன்லாந்திலும் கிடைத்த 442 பழங்கால மனிதர்களின் எலும்புகளிலிருந்து மரபணு எடுக்கப்பட்டது. ஸ்காட்லாந்தை அடுத்த ஓர்க்னித் தீவில் வாளோடு வைக்கிங் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டவர்களிடம் ஸ்காண்டிநேவிய மரபணுவே காணப்படவில்லை, அவர்கள் உள்ளூர்க்காரர்கள்! வைக்கிங் என்பதே ஒரு தொழிலாகவும் வாழ்க்கை முறையாகவும் இருந்திருக்கிறது. வைக்கிங் இரத்தம் என்று தூய இனம் பேசிய நாஜிகள் உலகத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

ஆயிரத்தில் ஒருவர்

குடும்பப் பெயர் பெரும்பாலும் தந்தை வழியாக வருவது. நமக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டி நால்வர், அதற்கு முன் எண்மர். இப்படியே பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 முன்னோர். குடும்பப் பெயரைத் தந்த வழி அந்த 1,024 பேரில் ஒருவரிடம் மட்டுமே போய்ச் சேரும். மீதமுள்ள 1,023 பேரும் அதே அளவு நமக்கு உரியவர்கள்தாமே!

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலக் குடும்பப் பெயர்களோடு வாழும் யுரேசிய நண்பர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவரின் பெயர் 'பி' என்று முடிந்தால், யார்க்‌ஷயரிலோ லங்காஷயரிலோ உள்ள ஒரு பண்ணை அவருடைய கதையில் ஒரு வரி. மலாக்காவிலோ நாகப்பட்டினத்திலோ பிறந்த பாட்டி ஒருவர் அந்தக் கதையில் இன்னொரு வரியாக இருக்கலாம். அந்தப் பாட்டியின் பெயர் குடும்பப் பெயரில் இருக்காது. பழைய பதிவேட்டிலும் வீட்டுப் பெரியவர்களின் நினைவிலும்தான் இருக்கும்.

எனவே, பெயரின் வாலைப் பிடித்துத் தேடத் தொடங்குவோர் தாராளமாகத் தொடங்கட்டும். அது நல்ல வழிகாட்டி. ஆனால் வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே, பெயரில் இடம்பெறாத தாய்வழி உறவுகளின் ஊரையும் பேரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது அதைவிட அவசரமான வேலை. டூம்ஸ்டே பதிவேடு 900 ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்படியே இருக்கிறது. மனிதர்களின் நினைவு அவ்வளவு காலம் காத்திருக்காது.