மகரந்தத்தை நிறுத்தும் தாய்வழி மரபணு

தாவரச் செல்லில் மரபுச் செய்தி உட்கருவில் மட்டும் இல்லை. ஒளிச்சேர்க்கை நடத்தும் பசுங்கணிகத்திலும், உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலும் தனித்தனி டி.என்.ஏ. உண்டு. மனிதரின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. 16,569 கார இணைகளில் அடங்கிவிட, மக்காச்சோளத்தில் அது ஏறத்தாழ 5.7 லட்சம் இணைகள் வரை நீள்கிறது. அந்த நீளத்துக்குள் துண்டுகள் அறுபட்டும் இடம் மாறி ஒட்டியும் முன்பில்லாத மரபணுக்கள் அவ்வப்போது உருவாகின்றன. அவற்றுள் சில மகரந்தம் விளைவதையே தடுத்துவிடும். மைட்டோகாண்ட்ரியா பெரும்பாலும் தாயின் சூல் வழியாகவே சந்ததிக்கு வருவதால் இக்குறை தலைமுறைதோறும் தாய்வழியில் தொடர்கிறது. இதுவே சைட்டோபிளாச ஆண் மலட்டுத்தன்மை.

செடிக்குக் குறையான இப்பண்பு விதை உற்பத்திக்குப் பெருந்துணை. கடுகுப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூலுறும் என்பதால், இரு ரகங்களைக் கலந்து வீரிய ஒட்டு விதை எடுக்கத் தாய்ச்செடியின் ஒவ்வொரு பூவிலிருந்தும் மகரந்தப்பைகளை நீக்க வேண்டியிருக்கும். வயல் அளவில் அது நடவாத காரியம். மகரந்தமே தராத தாய்ச்செடியை உருவாக்கப் புதுதில்லி பூசா வளாகத்தில் நடந்த ஆய்வுகளில், தாவர உயிர்த்தொழில்நுட்பத் தேசிய ஆய்வு மையத்தின் எஸ்.ஆர்.பட் நீண்டகாலம் பங்கேற்றார்.

மொரிகாண்டியா ஆர்வென்சிஸ் என்னும் காட்டுச்செடி கடுகுக்குத் தொலைதூர உறவு. இரண்டின் செல்களையும் சுவர் நீக்கி ஒன்றாக இணைத்துத் தொடங்கிய முயற்சியில், கடுகின் உட்கருவும் காட்டுச்செடியின் மைட்டோகாண்ட்ரியாவும் கொண்ட ஆண் மலட்டுக் கடுகு கிடைத்தது. ஆனால் பசுங்கணிகமும் காட்டுச்செடியினுடையதாகவே இருந்ததால் இலைகள் வெளிறின. பி.பி.கீர்த்தி, ஷியாம் பிரகாஷ், பட் உள்ளிட்டோர் மீண்டும் செல் இணைவைக் கையாண்டு, பசுங்கணிகத்தை மட்டும் மாற்றி மைட்டோகாண்ட்ரியாவை அப்படியே இருக்கச் செய்ததை 1998-இல் வெளியிட்டனர். இலை பச்சையாயிற்று, மலட்டுத்தன்மை நீடித்தது. வெளிறலுக்கும் மலட்டுத்தன்மைக்கும் காரணங்கள் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டியிருக்க முடியாது.

குற்றவாளி எந்த மரபணு என்பதற்கு விடை 2008-இல் வந்தது. ஆற்றல் மூலக்கூறை உருவாக்கும் நொதிக்குரிய ஏ.டி.பி.ஏ. மரபணுவுக்கு முன்னால், ஓ.ஆர்.எஃப்.108 என்ற புதிய மரபணு ஒட்டிக்கொண்டு, இரண்டும் ஒரே ஆர்.என்.ஏ. இழையாகப் படியெடுக்கப்படுவதை இக்குழு கண்டறிந்தது. வளமை மீட்கும் உட்கரு மரபணு சேர்ந்த செடிகளில் அந்த இழை ஓ.ஆர்.எஃப்.108 பகுதியிலேயே வெட்டுண்டது. 2012-இல் இம்மரபணுவை அரபிடாப்சிஸ் செடியில் புகுத்தியபோது அதுவும் மகரந்த வளத்தை இழந்ததால், தொடர்பு என்றிருந்தது காரணம் என்று உறுதிப்பட்டது.

இம்மலட்டுத்தன்மையைப் பயன்படுத்துவதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1970-இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் சுமார் 85 விழுக்காடு டெக்சாஸ் வகை என்னும் ஒரே மலட்டுச் சைட்டோபிளாசத்தைத் தாங்கியிருந்தபோது இலைக்கருகல் பூஞ்சை பரவி, விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு அழிந்தது. மகரந்தத்தைத் தடுத்த மைட்டோகாண்ட்ரியப் புரதமே பூஞ்சை நஞ்சுக்கும் வாசலாக இருந்ததைச் சார்லஸ் லெவிங்ஸ் போன்றோரின் ஆய்வுகள் பின்னர் விளக்கின. இந்தியாவின் வீரிய ஒட்டு நெல் ரகங்களில் பெரும்பாலானவையும், சீனாவின் ஹைனான் தீவில் 1970-இல் கிடைத்த ஒரு காட்டு நெற்செடியின் சைட்டோபிளாசத்தையே சார்ந்திருப்பது கவலைக்குரியது.

ஒரே சைட்டோபிளாசத்தைச் சார்ந்திருக்கும் இந்த ஆபத்து தென் அந்தமானின் புரோத்ராபூர் உழவர்களுக்கும் தொலைவானதன்று. அருகிலுள்ள கராச்சர்மாவில் 1978-இல் நிறுவப்பட்ட மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. இத்தீவுகளின் உழவர்கள் சி14-8 என்ற உயரமான, நீண்டகால நெல்லைத் தலைமுறைகளாகப் பயிரிட்டு வருகின்றனர். வீரிய ஒட்டு விதையின் அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்துவிடுவதால் அதை ஆண்டுதோறும் விலைக்கே வாங்க வேண்டும்; சி14-8 அப்படியன்று. புதிய விதையை ஏற்கும் புரோத்ராபூர் வட்டார உழவர்கள், வயலில் ஒரு பகுதியையேனும் சி14-8 நெல்லுக்கு ஒதுக்கி, அதன் விதையைத் தாங்களே எடுத்து வைக்க வேண்டும்.