ஒரு நிமிட வசனம், ஓராண்டு வகுப்பு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் குளிர்காலம் முடியும் தறுவாயில் அடுத்த கல்வியாண்டுக்கான பாடப்பதிவு தொடங்கிவிடும். கணிதம், வேதியியல், ஸ்பானிஷ் போன்ற பாடங்களுக்கு முந்தைய நிலையில் தேறியிருந்தால் பெரும்பாலும் போதும், படிவத்தில் டிக் அடித்துவிடலாம். ஆனால் பல பள்ளிகளின் படிவத்தில் ‘அட்வான்ஸ்டு டிராமா’ என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். ஆடிஷனில் தேறியவர்களுக்கு மட்டும் என்பது அதன் பொருள்.

டிராமா அறையின் கதவில் ஒட்டிய தாளில் பெயர் எழுதி, தனக்கான சில நிமிடங்களைப் பிடித்துக்கொள்வதில் தொடங்குகிறது அந்தப் படலம். வருகிறவர்கள் பெரும்பாலும் 15, 16 வயதுப் பிள்ளைகள். முதல்நிலை நாடக வகுப்பையும் அடுத்ததையும் முடித்தவர்கள். உள்ளே போனதும் பெயர், நாடகத்தின் பெயர், எழுதியவர், ஏற்கும் பாத்திரம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு மூச்சு. ஆசிரியரின் கண்ணைப் பார்க்காமல், அவர் தலைக்குச் சற்று மேலே ஒரு புள்ளியில் எதிர்ப்பாத்திரம் நிற்பதாகக் கொண்டு வசனத்தைத் தொடங்க வேண்டும்.

நம் பள்ளி ஆண்டுவிழாக்களில் ‘மோனோ ஆக்டிங்’ பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் விதிகள் கறாரானவை. மோனோலாக் என்ற அந்தத் தனிவசனம் அச்சில் வந்த நாடகத்திலிருந்து இருக்க வேண்டும். சினிமா வசனமோ சொந்தமாக எழுதியதோ பொதுவாகச் செல்லாது. பாத்திரத்தின் வயது மாணவரின் வயதை ஒட்டியிருப்பது நல்லது. வசனம் ஒரு பக்கம்தான் என்றாலும் முழு நாடகத்தையும் படித்திருக்க வேண்டும். நான் யார், எங்கே நிற்கிறேன், யாரிடம் பேசுகிறேன், அவரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும்? ரஷ்ய நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி வகுத்த இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் ஒப்பித்தால், அனுபவமுள்ள ஆசிரியர் மூன்றாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் ஒரு தலைவலி. தார்ன்டன் வைல்டரின் ‘அவர் டவுன்’ 1938-இல் மேடையேறிய நாடகம், அமெரிக்கப் பள்ளி மேடைகளின் நிரந்தர விருந்தாளி. அதன் மூன்றாம் அங்கத்தில், இறந்துபோன இளம்பெண் எமிலி உலகத்திடம் விடைபெறும் பகுதி பதின்ம வயதுப் பெண்ணுக்குக் கனகச்சிதமாகப் பொருந்தும். அதனாலேயே ஆசிரியர்கள் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார்கள், வேறொன்றைத் தேடு என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். சில பள்ளிகள் இரண்டு வசனம் கேட்கின்றன. ஒன்று சிரிக்க வைத்தால் மற்றது நெகிழ வைக்க வேண்டும், ஒன்று இக்காலத்தது என்றால் மற்றது ஷேக்ஸ்பியர் காலத்ததாக இருக்கலாம். நியூயார்க்கின் கலைக்கான அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சேரவே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படி இரண்டு ஒரு நிமிட வசனங்களைத் தயார் செய்கிறார்கள். 1980-இல் வந்த ‘ஃபேம்’ திரைப்படம் அத்தகைய பள்ளி ஒன்றின் ஆடிஷன் காட்சிகளோடுதான் தொடங்குகிறது. தேர்வான பிள்ளைகளின் பின்னால்தான் கேமரா போகிறது. தேர்வாகாமல் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்தப் படம் காட்டவில்லை, பள்ளிகளும் பெரும்பாலும் விசாரிப்பதில்லை.

நாடகம் வேறு, வகுப்பு வேறு

பள்ளி நாடகத்துக்கு ஆடிஷன் வைப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. மேடைக்கு எட்டுப் பாத்திரம் வேண்டுமென்றால் எட்டுப் பேரைத்தான் எடுக்க முடியும். டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் நல்ல நடிப்பை எதிர்பார்ப்பார்கள். ஆனால் அட்வான்ஸ்டு டிராமா என்பது பள்ளி நேரத்தில், பள்ளியின் சம்பளம் வாங்கும் ஆசிரியர் நடத்தும், மதிப்பெண் பட்டியலில் ஏறும் ஒரு பாடம். கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்பும் மாணவர், உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டாவது காட்சிக்கலை அல்லது நிகழ்த்துகலையில் ஒரு பாடத்தை முடித்திருக்க வேண்டும். அதே மாநில மக்கள் 2022 நவம்பரில் வாக்களித்து, பள்ளிக் கலைக்கல்விக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 100 கோடி டாலர் ஒதுக்க வழிசெய்தார்கள். பொதுப்பணத்தில் நடக்கும் வகுப்பின் கதவை ஒரு நிமிட வசனம் திறக்கவும் மூடவும் செய்கிறது என்பதுதான் இங்கே கவலை.

நாடகத்துக்குத் தேவை இன்று நன்றாக நடிப்பவர். வகுப்புக்குத் தேவை அடுத்த ஓராண்டில் அதிகம் கற்றுக்கொள்ளக்கூடியவர். இருவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அமெரிக்காவின் தேசியக் கலைக்கல்வித் தரவரைவு 2014-இல் வெளியானது. அது நாடகக் கல்வியை நான்கு செயல்களாகப் பிரிக்கிறது: படைத்தல், நிகழ்த்துதல், எதிர்வினையாற்றுதல், தொடர்புபடுத்துதல். மோனோலாக் ஆடிஷன் முக்கியமாக அளப்பது இரண்டாவதை மட்டும். பிரதியைக் கூர்ந்து படித்துக் கேள்வி கேட்கும் மாணவி, விளக்கு வைக்கும் கோணத்தை வைத்தே ஒரு காட்சியின் மனநிலையை மாற்றிக் காட்டும் மாணவன், ஒத்திகையில் எல்லாருடைய நகர்வையும் குறித்துவைத்து மேடையை நிர்வகிக்கும் பிள்ளை ஆகிய மூவருமே அந்த ஒரு நிமிடத்தில் தென்படமாட்டார்கள். 1929-இல் தொடங்கிய சர்வதேச தெஸ்பியன் சங்கம், நாடகத்தில் ஈடுபடும் பள்ளி மாணவர்களைக் கௌரவிக்கும் அமைப்பு. அதில் உறுப்பினராகச் சுமார் 100 மணி நேர நாடகப் பணி வேண்டும் என்பது வெகுகாலமாக வழங்கிவரும் கணக்கு. திரைக்குப் பின்னால் ஆணி அடித்த நேரமும் அதில் சேரும். வகுப்புக்கான ஆடிஷனில் அந்த மணி நேரங்களைக் கணக்கெடுக்க இடமே இருப்பதில்லை.

இன்னொன்று. கால்குலஸ், உயிரியல் போன்ற பாடங்களுக்கு நாடு முழுவதற்குமான ‘ஏபி’ (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) பாடத்திட்டம் உண்டு. நாடகத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆகவே ‘அட்வான்ஸ்டு’ என்பதன் அளவுகோலைப் பள்ளியே, பல இடங்களில் ஒரே ஆசிரியரே, வகுத்துக்கொள்கிறார். அவர் நேர்மையானவராகவே இருப்பார். ஆனாலும் ஒரே ஒருவரின் ரசனை, ஒரே ஒரு பிற்பகல்.

யார் வெளியே நிற்கிறார்கள்?

மோனோலாக் பயிற்சி தரும் தனி ஆசிரியர்கள் பெருநகரங்களில் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். வசனத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்பதுவரை பழக்கிவிடுகிறார்கள். கோடை விடுமுறையில் கட்டண நாடக முகாம்கள் வேறு. மாலையில் கடையில் வேலை பார்க்கும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை இவற்றின் பக்கம்கூடப் போக முடியாது. ஆடிஷன் நாளில் இருவருக்கும் அளவுகோல் ஒன்றே.

‘கோல்டு ரீடிங்’ என்ற சுற்று இதைவிடக் கடுமையானது. முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, உடனே உணர்ச்சியோடு படிக்கச் சொல்வார்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியான பிள்ளைக்கு, சென்னையிலோ கோவையிலோ படித்துவிட்டுப் பெற்றோரின் வேலை காரணமாக ஒன்பதாம் வகுப்பில் அங்கே போய்ச் சேர்ந்த பிள்ளைக்கு, அந்தப் பக்கம் சோதிப்பது நடிப்பை அல்ல, வாசிப்பு வேகத்தை. டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கும் அதே நிலைதான். 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, இத்தகைய மாணவர்களுக்குத் தகுந்த ஏற்பாடு செய்துதரும் பொறுப்பைப் பள்ளியின் மேல் வைத்திருக்கிறது. பிரதியை முந்தைய நாளே கொடுப்பது அப்படியொரு எளிய ஏற்பாடு. ஆனால் எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கத் தெரிந்த பெற்றோருக்கு, ஆடிஷனுக்கும் கேட்கலாம் என்று தோன்றுவதில்லை.

ஆசிரியர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்கிறார்கள்: அல்ஜீப்ரா தெரியாதவரைக் கால்குலஸில் உட்கார வைக்க முடியாது, விளையாட்டாக வருகிறவர்களால் மற்றவர்களின் உழைப்பும் கெடும். சரிதான். ஆனால் அல்ஜீப்ரா தெரியுமா என்பதைக் கணித ஆசிரியர் ஓராண்டு வேலையைப் பார்த்துத்தானே முடிவு செய்கிறார்?

பட்டியல் ஒட்டப்படும் நாளில் பெயர் இல்லாத பிள்ளை அழுதுவிட்டால்கூடப் பரவாயில்லை. அழாமல் போய், அடுத்த வருடம் கதவுப் பக்கமே வராமல் இருப்பதுதான் பெரிய இழப்பு. ‘எனக்கு நடிப்பு வராது’ என்று 15 வயதில் எடுக்கும் முடிவைப் பலர் ஆயுளுக்கும் சுமக்கிறார்கள். பேச்சு, உடல்மொழி, பிறர் இடத்தில் நின்று யோசிக்கும் பழக்கம் எல்லாம் அதோடு நின்றுபோகின்றன. கூச்சம் உள்ள பிள்ளைகளுக்குத்தான் நாடக வகுப்பு அதிகம் தேவை. அவர்களைத்தான் ஆடிஷன் முதலில் வடிகட்டுகிறது.

இதற்கான தீர்வு ஆடிஷனுக்குள்ளேயே இருக்கிறது. வசனம் முடிந்ததும் நல்ல ஆசிரியர்கள் ஒரு வேலை கொடுப்பார்கள்: “இதையே இப்போது கோபமில்லாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லிப் பார்.” முதல் தடவை அசத்திய பயிற்சி பெற்ற மாணவர் இங்கே தடுமாறி, பழகிய அதே ஏற்ற இறக்கத்துக்கே திரும்பிவிடலாம். முதல் தடவை திணறிய பிள்ளை திடீரென்று உயிர்பெறலாம். வழிகாட்டலை வாங்கி உடனே தன்னை மாற்றிக்கொள்ளும் இந்தத் திறன்தான் கற்றலுக்கு மிக நெருக்கமான அறிகுறி. மதிப்பெண் தாளில் குரலுக்கும் மனப்பாடத்துக்கும் தரும் எடையை இதற்குத் தந்தாலே பட்டியல் மாறும்.

ஆளுக்கு ஐந்து நிமிடம் என்பதற்குப் பதிலாக அனைவரையும் இரண்டு மணி நேரம் ஒன்றாக உட்கார வைத்து, இம்ப்ரோ என்ற முன்தயாரிப்பில்லாத நடிப்பும் இருவர் காட்சியும் செய்ய வைக்கும் பயிலரங்கு முறையும் இருக்கிறது. சக மாணவர் சொதப்பும்போது யார் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். ஒலி, ஒளி, மேடை நிர்வாகத்தில் ஆர்வமுள்ளவர்கள் வசனத்துக்குப் பதிலாகத் தாங்கள் செய்த வேலையின் தொகுப்பைக் காட்டலாம் என்று இன்னொரு வழியைத் திறந்துவைக்கவும் முடியும். இதற்கெல்லாம் கூடுதல் பணம் தேவையில்லை, கூடுதலாக ஒரு பிற்பகல் தேவை.

அடுத்த பாடப்பதிவுப் படிவம் வீட்டுக்கு வரும்போது பெற்றோர் பள்ளியிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கலாம். மதிப்பெண் எப்படிப் பிரிகிறது? படிக்க வேண்டிய பகுதி முன்கூட்டியே கிடைக்குமா? தேர்வாகாத மாணவருக்கு ஏன் என்று எழுதித் தருவீர்களா, அவர் அடுத்த பருவத்தில் மறுபடி முயல முடியுமா?