முன்னாள் கணவரின் டாக்ஸ் ரீஃபண்ட்: குழந்தைக்கு வர வேண்டிய பாக்கி அதிலிருந்து கிடைக்குமா?



போன மாசம் அமெரிக்காவில் இருக்கும் ஒரு சகோதரி மெயில் போட்டிருந்தாங்க. விவாகரத்தாகி மூணு வருஷம் ஆச்சு. எட்டு வயசுப் பொண்ணு அவங்ககூட இருக்கா. கோர்ட் ஆர்டர்படி அப்பா மாசம் 600 டாலர் சைல்ட் சப்போர்ட் கட்டணும். 14 மாசமா ஒரு டாலர்கூட வரலை. மொத்த பாக்கி 8,400 டாலர்.

"அவருக்கு வருஷா வருஷம் 4,000 டாலருக்கு மேல ரீஃபண்ட் வரும். கவர்ன்மென்ட்டே அதைப் பிடிச்சு எனக்குக் கொடுத்துடும்னு சொல்றாங்க. அதை நம்பி வேற வீட்டுக்கு டெபாசிட் கட்டலாமா?" இதுதான் அவங்க கேள்வி.

என் பதில்: பிடிப்பாங்க, அது உண்மை. ஆனா அதை நம்பி டெபாசிட் கட்டாதீங்க. ஏன்னு விளக்கமா பார்க்கலாம். சென்னையில உட்கார்ந்து அமெரிக்க ரிட்டர்ன் தயார் பண்ற வேலையை நாலு வருஷம் பார்த்தவன் நான். இந்த விஷயத்தில் ஏமாந்த ரெண்டு தரப்பையும் பார்த்திருக்கேன்.

இது எப்படி வேலை செய்யுது?

1981-ல் வந்த சட்டம் இது. பாக்கி விவரத்தை மாநில சைல்ட் சப்போர்ட் ஆபீஸ் மத்திய அரசுக்கு அனுப்பும். அது ட்ரெஷரி துறையின் பட்டியலில் ஏறும். அவர் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வெளியே வரும்போது பெயரும் சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் ஒத்துப்போனா, பணம் அவர் அக்கவுண்ட்டுக்குப் போகாம மாநிலத்துக்குத் திரும்பிடும். இதுக்குப் பேர் ட்ரெஷரி ஆஃப்செட் புரோகிராம்.

குறைந்தபட்ச பாக்கி எவ்வளவு இருக்கணும்? நீங்க அரசு உதவித்தொகை வாங்காதவரா இருந்தா 500 டாலர். வாங்கி, அந்த பாக்கி அரசுக்குச் சேர வேண்டியதா இருந்தா 150 டாலர்.

ஐ.ஆர்.எஸ்.க்கு அவர் வரி பாக்கி வெச்சிருந்தா அதுதான் முதல்ல கழியும். அடுத்த இடம் சைல்ட் சப்போர்ட்டுக்கு. ஸ்டூடண்ட் லோன் மாதிரியான மற்ற மத்திய அரசுக் கடனெல்லாம் அதுக்குப் பின்னாடிதான். குறைந்த வருமானக்காரங்களுக்குக் கிடைக்கிற வரிச் சலுகைப் பணத்தையும் இதில் பிடிக்கலாம்னு 1986-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பிள்ளைக்கு 18 வயசு முடிஞ்சாலும் பழைய பாக்கி பாக்கிதான், அதையும் பிடிக்கலாம்.

கோர்ட் ஆர்டர் கையில் இருந்தா போதுமா?

போதாது. நிறைய பேர் தவறவிடுற இடம் இதுதான். உங்க கேஸ் மாநில சைல்ட் சப்போர்ட் ஆபீஸில் பதிவாகியிருக்கணும். உங்க வக்கீலோ ஆடிட்டரோ நேரடியா ட்ரெஷரிக்குப் பெயர் அனுப்ப முடியாது. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 25 டாலர்தான், பல மாநிலங்களில் அதுவும் இல்லை.

நம்மவங்களுக்கு இன்னொரு சிக்கல், பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், கோர்ட் ஆர்டரில் இனிஷியல் முன்னாடி, ரிட்டர்னில் வேற மாதிரின்னு இருந்தா கம்ப்யூட்டர் பொருத்தம் பார்க்கும்போது தவறிப்போகலாம். அவர் ரிட்டர்னில் எந்தப் பெயர், எந்த நம்பர் போடுறாரோ, அதே விவரம் கேஸ் ஃபைலில் இருக்கான்னு கேட்டு உறுதி பண்ணுங்க. பழைய ஜாயின்ட் ரிட்டர்ன் காப்பி உங்ககிட்ட இருந்தா அதைக் காட்டுங்க.

அப்போ ஏன் நம்பக் கூடாது?

மூணு காரணம் இருக்கு.

முதல் காரணம்: ரீஃபண்ட்டுங்கிறது என்ன? வருஷம் முழுக்க சம்பளத்தில் கூடுதலா பிடிச்ச வரி, திரும்பி வருது. நம்ம ஊர் டி.டி.எஸ். மாதிரிதான். அவர் ஆபீஸில் டபிள்யூ-4 ஃபார்மை மாத்திக் கொடுத்து பிடித்தத்தைக் குறைச்சுட்டார்னா அடுத்த வருஷம் ரீஃபண்ட்டே இருக்காது. ரீஃபண்ட் இல்லைன்னா பிடிக்கவும் ஒண்ணும் இல்லை. போன வருஷம் 4,200 வந்ததுங்கிறது இந்த வருஷத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

ரெண்டாவது: அவர் மறுமணம் செஞ்சு மனைவியோட சேர்ந்து ஜாயின்ட் ரிட்டர்ன் போட்டிருந்தா, அந்த ரீஃபண்ட்டில் புது மனைவியோட பங்கும் இருக்கு. அவங்களுக்கு உங்க பாக்கியில் எந்தப் பொறுப்பும் இல்லை. அவங்க ஃபார்ம் 8379 போட்டு தன் பங்கைத் திரும்பக் கேட்கலாம். இதுக்கு 'இஞ்சர்டு ஸ்பவுஸ்' கோரிக்கைன்னு பேர்.

கணக்கா பார்ப்போம்:

- பிடிச்ச ஜாயின்ட் ரீஃபண்ட்: 4,200 டாலர்
- புது மனைவியின் பங்கு (ஒரு உதாரணத்துக்கு): 1,700 டாலர்
- உங்க கணக்குக்கு நிற்பது: 2,500 டாலர்
- இன்னும் மீதி பாக்கி: 5,900 டாலர்

டெக்சாஸ், கலிஃபோர்னியா, அரிசோனா, வாஷிங்டன் மாதிரி கணவன் மனைவி சொத்து பொதுன்னு சட்டம் இருக்கிற மாநிலங்களில் இந்தப் பங்கு பிரிக்கிற கணக்கே வேற மாதிரி வரும்.

மூணாவது, காலம். ஜாயின்ட் ரிட்டர்னில் பிடிச்ச பணத்தை மாநிலம் 180 நாள் வரைக்கும் உங்களுக்குத் தராம வெச்சிருக்கலாம். மார்ச்சில் பிடிச்ச பணம் செப்டம்பரில்தான் கைக்கு வரலாம். அதோட முடியலை. அந்த ஃபார்மைப் போட புது மனைவிக்குப் பொதுவா மூணு வருஷம் டைம் இருக்கு. பணம் உங்ககிட்ட வந்த பிறகு அவங்க கேட்டாங்கன்னா, ஐ.ஆர்.எஸ். மாநிலத்துக்கிட்ட திரும்ப வாங்கும். மாநிலம் உங்ககிட்ட கேட்க வாய்ப்பு உண்டு. அதனால ஜாயின்ட் ரீஃபண்ட்டிலிருந்து பணம் வந்தா ஒரு பகுதியைத் தொடாம சேவிங்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைங்க.

வேற எதை நம்பலாம்?

மாசச் சம்பளத்திலிருந்தே கம்பெனி பிடிச்சு அனுப்புற முறையை. அமெரிக்காவில் சைல்ட் சப்போர்ட் வசூலில் பெரும்பகுதி அப்படித்தான் வருது. கையில் வரும் சம்பளத்தில் 50 முதல் 65 சதவீதம் வரை பிடிக்க மத்திய சட்டம் இடம் கொடுக்குது. அவர் வேலை மாறினாலும், புது கம்பெனி 20 நாளுக்குள் அவர் பெயரை அரசுக்குத் தெரிவிக்கணும். அதை வெச்சு மாநிலம் புது கம்பெனிக்கு உத்தரவு அனுப்பும். அந்தச் சகோதரியின் கேஸில் இந்த உத்தரவு பழைய கம்பெனியோட நின்னுபோயிருக்கு. 14 மாசம் ஓடினதுக்கு அதுதான் காரணம். முதல் போன் கால் அதுக்குத்தான் போடணும்னு சொன்னேன்.

பாக்கி 2,500 டாலரைத் தாண்டினா அமெரிக்க பாஸ்போர்ட் கொடுக்க மறுக்கலாம். ஆனா ஹெச்-1பி விசாவில், இந்திய பாஸ்போர்ட்டோட இருக்கிறவரை இது ஒண்ணும் செய்யாது. அவர் மூட்டை கட்டி ஊருக்கு வந்துட்டா, அமெரிக்கச் சம்பளமும் இல்லை, ரீஃபண்ட்டும் இல்லை. சைல்ட் சப்போர்ட் வசூலுக்கான 2007 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரலை. அதனால அவர் அங்கே சம்பாதிக்கிற காலத்திலேயே வசூலை முடுக்கி விடுறதுதான் புத்திசாலித்தனம்.

இந்தியாவில் இப்படி ஒரு வசதியே கிடையாது. நம்ம வருமான வரித்துறை ரீஃபண்ட்டைப் பழைய வரி பாக்கிக்குத்தான் கழிக்கும், குழந்தையோட ஜீவனாம்சத்துக்குக் கழிக்காது. இங்கே கோர்ட்டில் மனு போட்டுத்தான் வசூலிக்கணும்.

நீங்க கட்ட வேண்டியவரா இருந்தா?

இதைப் படிக்கிற அப்பாக்களுக்கும் ரெண்டு வார்த்தை. இப்போ மாசாமாசம் ஒழுங்கா கட்டினாலும், பழைய பாக்கி இருந்தா ரீஃபண்ட் போகும். பிடிக்கிறதுக்கு முன்னாடி நோட்டீஸ் வரும். தொகை தப்புன்னா அதில் சொன்ன கெடுவுக்குள் மாநில ஆபீஸில் ஆட்சேபம் சொல்லுங்க, ஐ.ஆர்.எஸ்.ஸைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. வேலை போயிடுச்சா? உடனே கோர்ட்டில் தொகையைக் குறைக்கச் சொல்லி மனு போடுங்க. மனு போடுறதுக்கு முன்னாடி சேர்ந்த பாக்கியை பொதுவா நீதிபதியால்கூட குறைக்க முடியாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது

1. மாநில ஆபீஸில் கேஸ் பதிவாகியிருக்கான்னு பாருங்க.
2. அவர் பெயர், நம்பர், இப்போதைய கம்பெனி விவரத்தைக் கொடுங்க.
3. சம்பளப் பிடித்த உத்தரவு எந்த கம்பெனிக்குப் போயிருக்குன்னு கேளுங்க.
4. வந்த தொகை, வராத மாசம் எல்லாத்தையும் ஒரு நோட்டில் எழுதி, ஆபீஸ் சொல்ற பாக்கியோட சரிபாருங்க.

அந்தச் சகோதரி டெபாசிட் கட்டலை. இருக்கிற வீட்டிலேயே ஆறு மாசம் லீஸை நீட்டிச்சுட்டு, மாநில ஆபீஸுக்குப் புது கம்பெனி விவரத்தைக் கொடுத்திருக்காங்க. ரீஃபண்ட் வந்தா நல்லது. வரலைன்னாலும் பொண்ணோட ஸ்கூல் மாறாது, தலைக்கு மேல கூரையும் போகாது. வீட்டு பட்ஜெட்டை அப்படித்தான் போடணும்.

இது பொதுவான தகவல்தான். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அதனால உங்க கேஸுக்கு அங்கே இருக்கிற வக்கீலையோ சி.பி.ஏ.வையோ கேட்டுட்டு முடிவெடுங்க. ஃபார்ம் 8379-ஐ வரி வரியா நிரப்பிக் காட்டுற வீடியோ அடுத்த வாரம் நம்ம சேனலில் வருது. சந்தேகம் இருந்தா எழுதுங்க, பெயர் போட வேண்டாம்.