பிரான்சிஸ் டே (1829–1889): அந்தமான் மீன்களைப் பட்டியலிட்டவர்

இங்கிலாந்தின் சசெக்ஸில் பிறந்து, 1852-ல் சென்னை ராணுவ மருத்துவப் பணிக்கு வந்த டாக்டர் டே, மருத்துவத்தைவிட மீன்களால்தான் பேர் வாங்கினார். 1863-ல் நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீனைக் குடியேற்றப் பார்த்தார், பலிக்கவில்லை. பின்னாளில் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனார்.

அந்தமானுக்கு வந்து அவர் சேகரித்த மீன்களைப் பற்றிய கட்டுரை 1870-ல் லண்டன் விலங்கியல் கழகத்தின் இதழுக்குப் போனது. அப்போது அந்தமானில் இருந்த பழங்குடியினர் தூண்டில் போடுவதில்லை. ஆண்கள் ஆழமில்லாத நீரில் அசையாமல் நின்று வில்லால் எய்வார்கள். பெண்கள் நாரில் பின்னிய கைவலையால் அள்ளுவார்கள். நீருக்குள் இருக்கும் மீன், இருக்கும் இடத்தைவிடச் சற்று மேலேதான் கண்ணுக்குத் தெரியும்; அதனால் குறியைக் கீழே வைக்க வேண்டும். பழகாத கைக்கு அம்பு வீண்தான்.

நன்னீர் மீன்கள் பற்றிய 1873 அறிக்கையில், சிறுகண் வலைகளும் பொறிகளும் குஞ்சுகளை வாரி அழிப்பதை டே கண்டித்தார். 1,400-க்கும் மேற்பட்ட இனங்களை விவரிக்கும் அவருடைய ‘இந்திய மீன்கள்’ நூல் 1875–78-ல் வெளிவந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் மீனியலாளர் குந்தரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. அதனால் டேயின் மீன் சேகரிப்பில் ஒரு பெரும்பங்கு சிட்னிக்கு விலைபோனது.