ஊர்ப் பெயரைச் சுமந்த குரல்

தீபாவளிக்கு முந்தைய வாரம் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலோ நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு கடையின் ஒலிபெருக்கியில் ‘முரட்டுக்காளை’ படப் பாடல் ஒலிக்கும். மாட்டுப் பொங்கல், காளை, தாரை தப்பட்டை எல்லாம் கலந்த அந்தப் பாட்டுக்குச் சின்னப் பிள்ளைகூட காலால் தாளம் போடும். “இது யார் பாட்டு?” என்று உங்கள் வகுப்பு நண்பரிடம் கேளுங்கள். “ரஜினி பாட்டு” என்பார். பாடியவர் யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். அப்போது பக்கத்தில் நிற்கும் ஒரு பெரியவர் சொல்வார்: “நம்ம ஊர்க்காரர்பா. மலேசியா வாசுதேவன்!”

தமிழ்த் திரையுலகில் ஊர்ப் பெயரோடு அறியப்பட்டவர்கள் பலர் உண்டு. சீர்காழி, திருச்சி, மதுரை என்று அந்த வரிசை நீளும். அதில் நம் நாட்டின் பெயரையே முன்னால் சுமந்து நின்ற குரல் இவருடையது. அந்தக் குரல் எப்படிப்பட்டது, அதற்குரிய இடம் எப்படிக் கிடைத்தது என்பதைத் தெரிந்துகொள்வது, ‘என் குரல் நல்லா இல்லை’ என்று பள்ளிப் பாட்டுப் போட்டியிலிருந்து ஒதுங்கி நிற்கும் மாணவர்களுக்கு மிகவும் தேவை.

மேடையிலிருந்து தொடங்கியவர்

வாசுதேவன் 1944ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் பிறந்தார். அப்போது மலேசியா என்ற பெயரே இல்லை. மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. கேரளத்திலிருந்து வந்த மலையாளக் குடும்பம் அவருடையது. ஆனால் அவர் வளர்ந்த கலைச்சூழல் தமிழ்ச்சூழல். இங்குள்ள தமிழ் நாடகக் குழுக்களில் நடித்தார், பாடினார். மேடை நாடகத்தில் நடிப்பவரே பாடவும் வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். அந்தப் பயிற்சி அவரைக் கடைசி வரை விட்டுப் போகவில்லை.

இங்கே மேடையேறிய ‘ரத்தப் பேய்’ நாடகத்தைப் படமாக்கச் சென்னை சென்ற குழுவோடு அவரும் போனார். அந்தப் படம் அவரை நட்சத்திரமாக்கவில்லை. ஆனால் அவர் ஊர் திரும்பாமல் சென்னையிலேயே வாய்ப்புத் தேடினார். இளையராஜா சகோதரர்களின் ‘பாவலர் பிரதர்ஸ்’ குழுவில் மேடைகளில் பாடினார். ஜி.கே. வெங்கடேஷ் இசையில் திரைக்கும் பாடினார். ஆனால் பெயர் சொல்லும்படியான பாட்டு அமையவில்லை. வயது மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

1977இல் பாரதிராஜாவின் முதல் படமான ‘16 வயதினிலே’ உருவானது. கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் தோன்றும் ‘ஆட்டுக்குட்டி’ பாடலை எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடுவதாக இருந்தது. அந்த நேரம் அவருக்குத் தொண்டை சரியில்லை. வாய்ப்பு வாசுதேவனுக்கு வந்தது. எஸ். ஜானகியுடன் அந்தப் பாடலையும், பி. சுசீலாவுடன் இன்னொரு பாடலையும் அதே படத்தில் பாடினார். அப்போது அவருக்கு வயது 33.

இதை ‘அதிர்ஷ்டம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கதவு திறந்தபோது அவர் பாடத் தயாராக அங்கேயே இருந்தார். சப்பாணி என்ற அந்தப் பாத்திரத்தின் வெள்ளந்தித்தனம் பாட்டிலும் தெரிய வேண்டும்; நாடக மேடையில் பழகியவருக்கு அது புதிதல்ல. அடுத்த ஆண்டு ‘கிழக்கே போகும் ரயில்’, அதற்கடுத்த ஆண்டு ‘புதிய வார்ப்புகள்’, ‘தர்ம யுத்தம்’, 1980இல் ‘முரட்டுக்காளை’ என்று அந்தக் குரல் தொடர்ந்து ஒலித்தது.

டெனரும் பாரிடோனும்

இங்கே சற்று நின்று, கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போய் வருவோம். அங்கே ‘ஓப்ரா’ என்ற இசை நாடகக் கலை உண்டு. கதை முழுவதையும் பாடியே நடிப்பார்கள். நம் பழைய தெருக்கூத்தையும் இசை நாடகத்தையும் நினைத்துக்கொண்டால் ஓரளவு புரியும். அதில் ஆண் குரல்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள். உச்சத்தில் பாடுவது டெனர். அடித்தளத்தில் ஒலிப்பது பாஸ். இரண்டுக்கும் நடுவே, கனமும் ஓட்டமும் கலந்து நிற்பது பாரிடோன்.

குரலைப் பார்த்தே பாத்திரம் தருவதும் அங்கே வழக்கம். காதல் நாயகன் பெரும்பாலும் டெனர். தந்தை, அண்ணன், எதிரி, வஞ்சகன், அடிபட்ட மனிதன் ஆகியோர் பெரும்பாலும் பாரிடோன். இத்தாலிய இசைமேதை வெர்டியின் ‘ரிகோலெட்டோ’ (1851) நாடகத்தில் காதல் பாட்டுப் பாடிக் கைதட்டல் வாங்குபவர் டெனர் குரல் கொண்ட கோமகன். ஆனால் மகளைப் பறிகொடுத்துக் கதறும் கூனன் ரிகோலெட்டோ ஒரு பாரிடோன். நாடகத்தின் பெயரும் அவனுடையதுதான்.

அந்தப் பாத்திரத்தில் புகழ் பெற்ற ஒருவர் சுவீடன் நாட்டின் இங்வார் விக்செல். 1931இல் அந்நாட்டின் வடகோடியில் உள்ள லூலியோ நகரில் பிறந்தவர். ஸ்டாக்ஹோம் அரச ஓப்ராவில் பாடி வளர்ந்தார். 1965இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் சுவீடனின் பிரதிநிதியாக நின்று ஆங்கிலத்தில் பாடினார். பிறகு பெர்லின் ஓப்ராவில் பல்லாண்டு பாடினார். 1982இல் ‘ரிகோலெட்டோ’ திரைப்படமானபோது கோமகனாகப் பாடியவர் உலகமே அறிந்த டெனர் பவரோட்டி. ரிகோலெட்டோவாகவும், அவனைச் சபிக்கும் முதியவராகவும் இரு வேடங்களில் பாடி நடித்தவர் விக்செல். வாசுதேவன் மறைந்த அதே 2011ஆம் ஆண்டில்தான் விக்செலும் மறைந்தார்.

நம் பாடகர்களை மேலைநாட்டுப் பெட்டிகளுக்குள் அப்படியே அடைத்துவிட முடியாது. நம் இசையில் சுருதியைப் பாடகரே தமக்கேற்ப வைத்துக்கொள்கிறார். வாசுதேவன் மேல் சுரங்களிலும் தாராளமாகப் பாடியவர். ஆனாலும் கனத்த குரல் எந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தும் என்ற ஓப்ராவின் கணக்கை வைத்துப் பார்த்தால், அவருடைய 1985ஆம் ஆண்டு நன்றாகப் புரிகிறது.

ஒரே ஆண்டில் இரண்டு முகம்

அந்த ஆண்டு பொங்கலுக்குப் பாரதிராஜாவின் ‘ஒரு கைதியின் டைரி’ வெளிவந்தது. கமல்ஹாசன் இரட்டை வேடத்தில் நடித்த அந்தப் படத்தில், ஒரு குடும்பத்தையே சீரழிக்கும் அரசியல்வாதியாக நடித்தவர் மலேசியா வாசுதேவன். காதல் பாட்டுப் பாடிய மனிதரா இவர் என்று மக்கள் திகைத்தார்கள். அதன் பிறகு வில்லன், குணச்சித்திரம் என்று நடிப்பு வாய்ப்புகளும் குவிந்தன.

அதே ஆண்டு ஆகஸ்டில் அதே இயக்குநரின் ‘முதல் மரியாதை’ வந்தது. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் அதில் வயதான கிராமத்துப் பெரியவர். பல்லாண்டுகளாகச் சிவாஜி என்றால் திரையில் டி.எம். சௌந்தரராஜன் குரல்தான். அந்த இடத்தில் இன்னொருவர் பாடுவது எளிதன்று. டி.எம்.எஸ். போலப் பாடினால் நகல் என்பார்கள். வேறு மாதிரிப் பாடினால் சிவாஜிக்குப் பொருந்தவில்லை என்பார்கள்.

வாசுதேவன் யாரையும் போலப் பாடவில்லை. அந்தப் படத்தில் சிவாஜி தம் வழக்கமான உரத்த நடிப்பை அடக்கி, ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேசும் மனிதராகவே இருந்தார். பாட்டும் அப்படியே இருந்தது. ‘பூங்காத்து’ என்று தொடங்கும் பாடலைக் கேட்டுப் பாருங்கள். உள்ளே ஏதோ உடைந்துபோன ஒரு மனிதர் தமக்குத்தாமே பாடிக்கொள்வது போல இருக்கும். குரலில் வயது தெரியும், களைப்பு தெரியும், மானமும் தெரியும். இனிமை மட்டுமே கொண்ட இளங்குரல் அங்கே நின்றிருந்தால் அந்தப் பெரியவர் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். அந்தப் படப் பாடல்களுக்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

ஆக, கதாநாயகனின் இடத்தை ஒருவர் பிடித்திருந்தால் மற்றவருக்கு இடமில்லை என்பது கலையில் உண்மையல்ல. கனத்த குரலுக்கென்று காத்திருக்கும் பாத்திரங்கள் உண்டு. அவை பல நேரங்களில் நாயகனைவிட ஆழமானவை.

உங்கள் தொண்டைக்குள் நடப்பது

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இது வெறும் பழங்கதை அன்று. உங்களில் பலருக்கு இப்போதுதான் குரல் உடைந்துகொண்டிருக்கும். தமிழ்ப்பள்ளியில் தேவாரப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பையன் படிவம் 2க்கு வந்ததும் வாய் திறக்கக் கூச்சப்படுவதைப் பார்த்திருக்கிறோம்.

காரணம் எளிது. பருவ வயதில் குரல்வளை வளர்கிறது. அதற்குள் இருக்கும் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையின் தடித்த தந்தி தாழ்ந்த ஒலி தருவதுபோல, தடித்த நாண்கள் மெதுவாக அதிர்கின்றன. ஆண் பிள்ளைகளின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழிறங்குகிறது. பேசும்போது பெண்ணின் குரல்நாண்கள் வினாடிக்குச் சுமார் 200 முறை அதிர்ந்தால், வளர்ந்த ஆணுக்கு அது 100 முதல் 150 வரை இருக்கும். பெண் பிள்ளைகளின் குரலும் மாறுகிறது, ஆனால் குறைந்த அளவில்.

இன்னொரு வியப்பும் உண்டு. ஓப்ரா பாடகர் ஒலிவாங்கி இல்லாமல் பாடுகிறார். எதிரே பெரிய வாத்தியக் குழு முழங்குகிறது. ஆனாலும் அவர் குரல் தனியாகக் கேட்கிறது. எப்படி? சுவீடனைச் சேர்ந்த ஒலி ஆய்வாளர் யோஹான் சுந்த்பெரி இதை ஆராய்ந்து விளக்கினார். வாத்தியக் குழுவின் ஒலிவலிமை 500 ஹெர்ட்ஸ் அருகே மிகுந்திருக்கும். மேலே போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற ஆண் பாடகர் தம் தொண்டையின் அமைப்பைச் சற்று மாற்றி, 3000 ஹெர்ட்ஸ் அருகே தம் குரலின் வலிமையைக் குவிக்கிறார். கூட்டத்தில் காலியாக உள்ள சந்தில் புகுந்து வருவது போல, வாத்தியங்கள் பலவீனமாக இருக்கும் இடத்தில் குரல் புகுந்து வெளியே வருகிறது. கத்துவதால் அன்று, இடமறிந்து ஒலிப்பதால் அவர் வெல்கிறார்.

வெயிலும் மழையும்

வாசுதேவனின் வாழ்க்கை முழுவதும் வெற்றிதான் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ‘சாமந்திப் பூ’ (1980) போன்ற படங்களுக்கு அவர் இசையமைத்தார். அந்தத் துறையில் பெரிய இடம் அமையவில்லை. ‘நீ சிரித்தால் தீபாவளி’ என்ற படத்தைச் சொந்தமாக எடுத்தார். அது கைகொடுக்கவில்லை, பொருள் இழப்பு மிச்சமானது. 1993இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘கிழக்குச் சீமையிலே’ படத்தில் பாடியபோது அடுத்த தலைமுறையும் அந்தக் குரலைக் கேட்டது. பின்னர்ப் பக்கவாதம் அவரைத் தாக்கியது. பாட்டையே தொழிலாகக் கொண்டவருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை. 2011 பிப்ரவரி 20ஆம் நாள், 66ஆம் வயதில், சென்னையில் காலமானார். அவருடைய மகன் யுகேந்திரனும் மகள் பிரசாந்தினியும் திரைப்பாடகர்கள்.

சென்னையில் அவர் வாழ்ந்த ஆண்டுகள் இங்கே வாழ்ந்ததைவிட அதிகம். ஆனாலும் பெயரிலிருந்து ‘மலேசியா’ போகவில்லை. வெளியூர்க்காரர் என்று அடையாளம் காட்டும் ஒரு சொல், பிறகு அவருடைய முத்திரையாகவே ஆகிவிட்டது.

நீங்கள் செய்யக்கூடியவை

குரல் உடையும் வயதில் பாடுவதை நிறுத்த வேண்டியதில்லை. சுருதியை மாற்றினால் போதும். கரோக்கேயில் அசல் சுருதியிலேயே பாட முயன்று தொண்டையைப் புண்ணாக்காதீர்கள். ஒன்றிரண்டு கட்டை குறைத்துப் பாடுங்கள். வலித்தால் நிறுத்துங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முறையாகக் கற்க விரும்பினால் பிரிக்பீல்ட்ஸில் 1981 முதல் இயங்கிவரும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்கள் உள்ளன. எஸ்.பி.எம். முடித்த பிறகு இசையையே பாடமாக எடுக்கவும் வழி உண்டு. ஸ்ரீ கெம்பாங்கான் மாணவர்கள் தொலைவு போக வேண்டாம். பக்கத்தில் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்திலேயே இசைப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத பெரிய வாத்தியக் குழு எப்படி ஒலிக்கும் என்று கேட்க ஆசைப்பட்டால், இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்குக்கு ஒரு முறை போய் வாருங்கள்.

அதற்கு முன், இந்த வார இறுதியில் ஒரு சின்ன வீட்டுப்பாடம். ‘16 வயதினிலே’, ‘முரட்டுக்காளை’, ‘முதல் மரியாதை’ ஆகிய மூன்று படங்களிலும் வாசுதேவன் பாடிய பாடல்களை இந்த வரிசையிலேயே கேளுங்கள். படம் பார்க்காமல், கண்ணை மூடிக் கேளுங்கள். ஒரு வெள்ளந்தி இளைஞன், ஒரு காளை அடக்கும் வீரன், ஒரு மனம் நொந்த முதியவர் என்று மூவரும் ஒரே தொண்டையிலிருந்து வருவார்கள். கேட்ட பிறகு உங்கள் அப்பாவிடமோ தாத்தாவிடமோ அந்தப் பாடல்களைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். அவர்கள் அந்தப் படங்களை எந்தத் திரையரங்கில், யாரோடு பார்த்தார்கள் என்ற கதையும் சேர்ந்தே வரும்.