தொலைவிலிருந்து கற்போரின் எழுத்து

கல்விக்கூடம் செல்லும் வாய்ப்பற்றோரின் இல்லத்தைக் கல்வியே நாடிச் செல்லவேண்டும் என்னும் நோக்குடன், நம் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-ஆம் ஆண்டில் தோன்றியது. பேராசிரியர் ஜி. ராம் ரெட்டி அதன் முதல் துணைவேந்தர். 1991-இல் அது டாக்டர் அம்பேத்கரின் பெயரைப் பெற்றது.

பாடநூல் அஞ்சலில் வந்துவிடும். உடன் பயிலும் தோழர் அஞ்சலில் வருவதில்லை. தொலைவிலிருந்து கற்போரின் பெருங்குறை இதுவேயாகும். அவர் எழுதும் விடையைத் திருத்துவோர் ஒருவரே காண்கிறார்.

இணையவழி வகுப்பு இக்குறையைக் களைய வல்லது. 2017-இல் தொடங்கப்பெற்ற ‘ஸ்வயம்’ பாடங்களில் காணொளி, பாட ஏடு, தன்மதிப்பீடு ஆகியவற்றோடு கலந்துரையாடலும் ஓர் அங்கமாகும். கற்றதை வாரந்தோறும் குறிப்பாக எழுதி, உடன் பயில்வோர் படிக்கத் தருவதையே ஆசிரியர் பாடப்பணியாக அமைக்கலாம். தோழர் படித்து வினவுவார் என்றறிந்தவர், விளங்காததை மனப்பாடமாக ஒப்புவிக்கத் தயங்குவார், விளங்கிக்கொள்ள முயல்வார்.

ஆயினும் இரண்டு காப்புகள் தேவை. அவ்வெழுத்து வகுப்பின் எல்லைக்குள்ளேயே இருத்தல் வேண்டும். நடையழகினும் சிந்தனைக்கே மதிப்பெண் மிகுதல் வேண்டும். இல்லையேல், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக் கல்வி பெறுவோர் பிழைக்கு அஞ்சி எழுதாமலே இருந்துவிடுவர். பிழைபட எழுதுவோரை நாம் திருத்தலாம். எழுதாதோரை எங்ஙனம் திருத்துவது?